120-ல் போகும் மச்சானுக்கு என்ன சொல்வது?

உங்கள் மச்சான் சென்னையிலிருந்து மதுரைக்கு ஐந்தரை மணி நேரத்தில் போய்விடுகிறார், திண்டிவனம் தாண்டினால் 120-க்குக் கீழே இறங்குவதே இல்லை, கேட்டால் “ரோடு நல்லா இருக்கு, வண்டி அஞ்சு ஸ்டார், எனக்கு கன்ட்ரோல் இருக்கு, மெதுவா போய் வழியை மறிக்கிறவன்தான் விபத்துக்குக் காரணம்” என்கிறார், இதில் எவ்வளவு உண்மை, அவரிடம் என்ன சொன்னால் எடுபடும் என்று கேட்டிருக்கிறீர்கள். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்சுக்காகச் சேதத்தை மதிப்பிடுவது என் தொழில். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது முழுக்கப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல்.

முதலில் ஒரு கணக்கு. 80-ல் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும், 100-ல் என்றால் 28, 120-ல் 33. முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது என்று கண்ணில் பட்டு, அது என்னவென்று உறைத்து, கால் பிரேக்குக்குப் போய் அழுத்தும் வரை ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். விழிப்பாக இருப்பவருக்கு இன்னும் கொஞ்சம் குறையும், சாப்பிட்டுவிட்டு மதியம் 2 மணிக்கு ஓட்டுபவருக்கு நிச்சயம் கூடும். அந்த ஒன்றரை நொடியில் வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன்பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரில், முழு பலத்தோடு பிரேக் பிடித்தால் 80-ல் போகும் கார் மொத்தம் 69 மீட்டரில் நிற்கும், 100-ல் போனது 97 மீட்டரில், 120-ல் போனது 130 மீட்டரில். இது வரைக்கும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், உங்கள் மச்சானும் “அதுக்குத்தான் கேப் விட்டுப் போறேன்” என்பார்.

அதனால் கணக்கை வேறு மாதிரி போட்டுக் காட்டுங்கள். மூன்று கார்களும் ஒரே இடத்தில் ஒரே தடையைப் பார்க்கின்றன, தடை 69 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80-ல் வந்தவர் தடையை ஒட்டி நின்றுவிட்டார், வண்டியில் ஒரு கீறல் இல்லை, இறங்கி நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். 100-ல் வந்தவர் அதே இடத்தில் அதேபோல் பிரேக்கை மிதித்தும் தடையின்மேல் மோதும்போது அவருடைய வேகம் எவ்வளவு? பெரும்பாலானவர்கள் 20 என்பார்கள், அதாவது கூடுதலாகப் போன 20 மட்டும் மிச்சம் இருக்கும் என்று. உண்மையில் அது 70-ஐத் தாண்டியிருக்கும். 120-ல் வந்தவர் அந்த ஒன்றரை நொடியிலேயே 50 மீட்டரைத் தின்றுவிடுகிறார், மீதி 19 மீட்டர்தான் பிரேக்குக்குக் கிடைக்கிறது, மோதும்போது வண்டி ஏறக்குறைய 105-ல் போய்க்கொண்டிருக்கும். பிரேக் பிடித்த பிறகும் 105! “பிரேக் பிடிக்கவே இல்லை, கண்ணை மூடிக்கிட்டு வந்து இடிச்சான்” என்று சாட்சிகள் சொல்வது பலமுறை இப்படிப்பட்ட வண்டிகளைத்தான். பாவம், அவன் பிரேக் பிடித்துத்தான் இருப்பான்.

இதற்குக் காரணம் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் யாருக்கும் நினைவு வருவதில்லை. உயரமாக மாற்றிச் சொன்னால் சிலருக்கு உறைக்கிறது: 60-ல் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலரை மாடியிலிருந்து கார் கீழே விழுவதற்குச் சமம். 120-ல் மோதினால் அது 57 மீட்டர், பத்தொன்பது மாடி.

அடுத்து அந்த அஞ்சு ஸ்டார், அதாவது மோதல் சோதனையில் வண்டி வாங்கிய பாதுகாப்பு மதிப்பெண். நட்சத்திரம் வாங்கிய வண்டி வாங்காத வண்டியைவிட நிச்சயம் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வண்டி வாங்கும் யாருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த நட்சத்திரம் எந்த வேகத்தில் கொடுத்தது என்று ஷோரூமில் யாரும் கேட்பதில்லை. கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப்பின் முன்பக்க மோதல் சோதனை நடப்பது 64 கிலோமீட்டர் வேகத்தில். 64-ல், நசுங்கிக் கொடுக்கிற மாதிரி செய்த ஒரு தடுப்பின்மேல், பெல்ட் போட்ட பொம்மைகளோடு. உங்கள் மச்சான் போகும் 120-ல் ஆற்றல் அதைப்போல மூன்றரை மடங்கு. அந்த வேகத்துக்கு எந்தக் கம்பெனியும் எந்த உத்தரவாதமும் கொடுத்ததில்லை. பெல்ட் போடாமல் ஏர்பேக்கை நம்பி உட்காருபவர்கள் இன்னொரு ரகம், பெல்ட் சத்தம் வராமல் இருக்க ஒரு கிளிப்பை வாங்கிச் செருகி வைத்திருப்பார்கள். பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிற உடம்பின்மேல் விரிகிற ஏர்பேக்கே காயம் உண்டாக்கும். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று நம்மூரில் பேச ஆரம்பித்ததே 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, பின்சீட்டில் பெல்ட் போடாமல் வந்து கார் விபத்தில் இறந்த பிறகுதான். அவர் வந்ததும் விலை உயர்ந்த, பாதுகாப்பு அம்சங்கள் நிறைந்த வண்டிதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இது என் தொழிலில் நேரில் பார்ப்பது. லாரிக்குப் பின்னால் போய் அடித்த கார்களைப் பார்த்தால் பம்பர் அதிகம் நசுங்காமல் இருக்கும், பானெட் மடங்கியிருக்கும், அதற்கு மேலே கண்ணாடியிலிருந்து கூரை வரை ஒன்றும் இருக்காது. லாரியின் பின்பக்கத் தளம் காரின் பம்பருக்கு மேலே இருப்பதால் கார் அடியில் நுழைந்துவிடுகிறது. ஆற்றலை வாங்கிக்கொள்ள முன்பக்கத்தில் செய்து வைத்த எல்லா ஏற்பாட்டையும் தாண்டி, அடி நேராக ஆள் உட்காரும் உயரத்தில் விழுகிறது. லாரிக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் எத்தனை லாரிகளில் அது துருப்பிடித்துத் தொங்குகிறது, எத்தனையில் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறது என்று உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்கும்போது சும்மா பாருங்கள். இந்த மாதிரி மோதலில் அஞ்சு ஸ்டாரும் ஒன்றுதான், ஸ்டாரே இல்லாததும் ஒன்றுதான்.

“நின்றிருந்த லாரி மீது கார் மோதி” என்று வாரம் தவறாமல் பேப்பரில் வருகிறதே, அதில் பெரும்பாலும் நேரத்தையும் போட்டிருப்பார்கள்: அதிகாலை. டயர் பஞ்சர், டிரைவருக்குத் தூக்கம், ஏதோ ஒரு காரணத்துக்காக லாரி ஓரமாக நிற்கும், பின்பக்க லைட் எரியாது, எச்சரிக்கைக்கு நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் வைத்திருப்பார்கள். தப்பு லாரிமேல்தான், வழக்கு போட்டால் அப்படித்தான் வரும், சரி. ஆனால் காரின் டிம் லைட் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழும் தெரியுமா? நன்றாக இருந்தால் 50, 60 மீட்டர். 100-ல் போகிறவருக்கு நிற்க 97 மீட்டர் வேண்டும். அப்படியென்றால் வெளிச்சத்தில் தெரிகிற எந்தப் பொருளுக்கும் முன்னால் அவரால் நிற்கவே முடியாது, பார்ப்பதும் மோதுவதும் மட்டும்தான் நடக்கும். டிம்மில் போகும்போது கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் வேகம் 70-தான். பிரைட் போட்டால் கூடுதலாகத் தெரியும், ஆனால் எதிர்ப்பக்கம் வண்டி வரும்போது போட முடியாது, போடவும் கூடாது. என்னிடம் ஒரே ஒரு அறிவுரை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: பகலில் எப்படியோ போங்கள், இரவில் 120-ல் போகாதீர்கள்.

ரோடு நல்லா இருக்கு என்பது உண்மை. அதனால்தான் வேகம் தெரிவதில்லை. மத்திய அரசின் விபத்து அறிக்கையில் 2022-க்கான கணக்கைப் பார்த்தால், மூன்றில் இரண்டு பங்கு விபத்துகள் நேரான சாலையில்தான் நடந்திருக்கின்றன, வளைவிலோ மலைப்பாதையிலோ இல்லை. நம் நான்குவழிச் சாலைகள் அகலத்தில் எக்ஸ்பிரஸ்வே மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது கிராமத்து ரோடுதான். சென்டர் மீடியனில் வழி விட்டிருப்பார்கள், அதில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் புல்லுக்கட்டோடு ஒருவர் திரும்புவார். பஸ்ஸுக்காக ஆட்கள் ரோட்டின்மேலேயே நிற்பார்கள், டிராக்டர் எதிர்த்திசையில் வரும், மாடு வரும். கடக்கிறவர் உங்கள் காரைத் தூரத்தில் பார்த்து, வழக்கமாக வருகிற வண்டிகளின் வேகத்தை மனதில் வைத்துத்தான் “போயிடலாம்” என்று முடிவு செய்கிறார். 80-ல் வரும் என்று அவர் கணித்த கார் 120-ல் வந்தால், 200 மீட்டருக்கு ஒன்பது நொடி கிடைக்கும் என்று நம்பியவருக்கு ஆறு நொடிதான் கிடைக்கிறது. “குறுக்கே வந்துட்டான்” என்று நாம் சொல்வோம். அவர் பக்கம் நின்று பார்த்தால் கார் திடீரென்று முளைத்தது மாதிரி இருந்திருக்கும்.

ஒரு மணி நேரம் 110-ல் ஓட்டிய பிறகு 60-க்குக் குறைத்தால் வண்டி நகராதது மாதிரி தோன்றும், கவனித்திருப்பீர்கள். அந்த மயக்கத்தோடு பைபாஸிலிருந்து இறங்கி ஊருக்குள் நுழைகிறவர்கள் 40 என்று நினைத்துக்கொண்டு 65-ல் போவார்கள். நடந்து போகிறவரை 50-ல் இடிப்பதைவிட 65-ல் இடித்தால் அவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு!

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 120 வரை போகலாம் என்று பலர் நம்புகிறார்கள். 2018-ல் மத்திய அரசு வேக வரம்பை உயர்த்தி அறிவித்தபோதும் கார்களுக்கு 120 என்று சொன்னது எக்ஸ்பிரஸ்வேக்கு மட்டும்தான், நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலைக்கு 100. அந்த அறிவிப்பையும் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்தபோது ரத்து செய்தது. என்ஜின் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, சாலைகள் மேம்பட்டுவிட்டன என்பதுதான் வேகத்தை உயர்த்த அரசு தரப்பில் சொன்ன காரணம், அதாவது அப்படியே உங்கள் மச்சான் சொல்வதேதான். சாவுக்கு வேகமே முக்கியக் காரணமாக இருக்கும்போது இந்த வளர்ச்சியெல்லாம் விபத்தை எப்படிக் குறைக்கும் என்பது நீதிபதிகளின் கேள்வி. எப்படிப் பார்த்தாலும் உங்கள் மச்சான் போகும் ஜிஎஸ்டி ரோட்டில் 120-க்கு இடமில்லை. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80-ஐத் தாண்டியதும் ஒரு சத்தம், 120-ஐத் தாண்டினால் நிற்காத சத்தம் என்று வைத்தது இதற்காகத்தான். அந்த ஒயரைப் பிடுங்கிவிடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

புள்ளிவிவரத்தைக் காட்டி அவரை மடக்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் சரி. நடுவில் இருக்கும் 71 சதவீதத்தை நான் அப்படியே நம்புவதில்லை. நம்மூர் எஃப்ஐஆரில் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்பது கிட்டத்தட்ட அச்சடித்த வாசகம். வண்டி நிஜத்தில் எந்த வேகத்தில் வந்தது என்று அளந்துவிட்டு எழுதுவதில்லை. தூங்கி இடித்தாலும் அதேதான், போனைப் பார்த்து இடித்தாலும் அதேதான். விவரம் தெரிந்தவராக இருந்தால் உங்கள் மச்சான் இந்த ஓட்டையைப் பிடித்துக்கொள்வார். ஆனால் தூங்கி இடித்தவரும், போன் பார்த்தவரும், தப்பே செய்யாமல் மாட்டிக்கொண்டவரும் உயிரோடு எழுந்து வருவார்களா இல்லையா என்பதை வேகம்தான் முடிவு செய்கிறது. விபத்தைத் தொடங்கி வைத்தது எதுவாக இருந்தாலும் சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இன்னொரு கணக்கு: சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடும். இது எஃப்ஐஆரிலிருந்து எடுத்த கணக்கு இல்லை.

“மெதுவா போறவன்தான் ஆபத்து” என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. 1964-ல் அமெரிக்காவில் சாலமன் என்பவர் செய்த ஆய்வில், சராசரியைவிட வேகமாகப் போகிறவர்கள், மெதுவாகப் போகிறவர்கள் இருவருமே அதிகம் விபத்தில் சிக்குகிறார்கள் என்று வந்தது. அதைத்தான் இன்றும் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அதில் மெதுவாகப் போனவர்களாகக் கணக்கில் வந்தவர்களில் பலர் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தவர்கள் என்று பிறகு விமர்சனம் எழுந்தது. 1990-களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், 60 வரம்புள்ள சாலைகளில் விபத்து வண்டிகளின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 60-க்கு மேல் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் காயம்படும் விபத்துக்கான ஆபத்து இரட்டிப்பானது. மெதுவாகப் போனவர்களுக்கு அப்படி ஆபத்து ஏறவில்லை. நம்மூரில் வலது லேனைப் பிடித்துக்கொண்டு 50-ல் போகும் லாரி ஒரு தொல்லைதான், மறுக்கவில்லை, எனக்கும் எரிச்சல் வரும். இடது பக்கமாக ஏறி முந்த வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த லாரி அங்கேதான் இருக்கப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறோம். தெரிந்தே அதை 120-ல் நெருங்குவது யார் முடிவு?

கன்ட்ரோல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியும். நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது, சரளைக்கல்லில் கூடவே செய்யும். டயரைப் பற்றித்தான் பேச வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் காற்று விரியும், டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைக்கிறார்கள், இது நேர்மாறான வேலை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறுகிறது, ஆறு பேரும் பெட்டிகளும் ஏறி, 120-ல் விடாமல் இரண்டு மணி நேரம் ஓடினால் அந்தச் சூடே அதைக் கிழித்துவிடும். கம்பெனி சொன்ன அளவு, முழு லோடுக்குச் சொன்ன அளவு, டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்று ஏழெட்டு வருட டயரில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்து அவருக்குக் கிடைப்பது என்ன? நியாயமாகவே கணக்குப் போடலாம். சென்னை – மதுரை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். பெருங்களத்தூர் நெரிசல், டோல், பைபாஸ் பாலங்களின் கீழே வேலை நடக்கும் இடம் எல்லாம் போக, 120-ஐ விடாமல் பிடிக்க முடிகிற தூரம் 200 என்று தாராளமாக வைப்போம். அதை 120-ல் கடக்க 100 நிமிடம், 90-ல் கடக்க 133 நிமிடம். மிச்சம் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஏற்கெனவே வேகமாகப் போகும்போது இன்னும் கூட்டினால் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகிறது: 100 கிலோமீட்டருக்கு 60-லிருந்து 80-க்கு ஏறினால் 25 நிமிடம் மிச்சமாகும், 100-லிருந்து 120-க்கு ஏறினால் வெறும் 10. அந்தப் பத்து நிமிடத்தை விக்கிரவாண்டி பக்கம் ஓர் ஓட்டலில் தோசைக்குக் காத்திருந்தே செலவழிப்பார்.

இப்போது, அவரிடம் எப்படிச் சொல்வது. சாவு, புள்ளிவிவரம், “அக்காவும் குழந்தைகளும் வண்டியில இருக்காங்க” என்பதெல்லாம் பெரும்பாலும் எடுபடாது. அவர் நன்றாக ஓட்டுகிறவர் என்ற நம்பிக்கையில் கை வைத்தால் இன்னும் இரண்டு முள் ஏற்றித்தான் காட்டுவார். நான் பார்த்தவரை இரண்டு விஷயம் வேலை செய்கிறது. ஒன்று, கிளம்பும் நேரம். “பத்து மணிக்கு வந்துடுவோம்” என்று வீட்டுக்கு போனில் சொல்லாதீர்கள், “மதியம் சாப்பாட்டுக்கு வந்துடுவோம்” என்று சொல்லுங்கள். வாக்குக் கொடுத்த நேரத்தைப் பிடிக்கத்தான் பாதிப் பேர் மிதிக்கிறார்கள். வாடகைக் காரில் போனாலும் இதேதான்: “ஏன் இப்படி ஓட்டுறீங்க” என்று கேட்டால் டிரைவருக்கு ரோஷம் வரும், “அண்ணே, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை, பின்னாடி அம்மாவுக்குத் தலை சுத்துது” என்றால் தானாகவே குறைப்பார். அவருக்கும் அடுத்த டிரிப், ஓனர் போன் என்று நூறு நெருக்கடி. எங்களுக்கு அவசரமில்லை என்று வாடிக்கையாளரே சொன்னால் அவருக்கும் நிம்மதிதான்.

இரண்டாவது, பணம். காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கமாகவே ஏறுகிறது, 90-லிருந்து 120-க்குப் போனால் அது ஏறக்குறைய 80 சதவீதம் கூடிவிடும், அதெல்லாம் பெட்ரோலாகத்தான் போகிறது. உயிருக்குப் பயப்படாத மனிதர்கள் மைலேஜுக்குப் பயப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது அவர் வழக்கம்போல ஓட்டட்டும், திரும்பி வரும்போது 90-ல் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு வரச் சொல்லிப் பந்தயம் கட்டுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் பரனூர் டோலிலும் மதுரைப் பக்கம் சிட்டம்பட்டி டோலிலும் ஃபாஸ்டேக் பணம் பிடித்த மெசேஜ் போனில் நேரத்தோடு வந்திருக்கும், போனபோது எவ்வளவு, வந்தபோது எவ்வளவு என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். போவதற்கு முன்னும் திரும்பிய பின்னும் டேங்கை முழுசாக நிரப்பி பில்லை எடுத்து வையுங்கள், மதுரையில் ஒரு தடவை நிரப்புவதும் முக்கியம், இல்லையென்றால் இரண்டு பயணத்தின் கணக்கும் கலந்துவிடும்.